தாவரங்களின் முகவரியைத் தேடியவர்: ஹென்றி ட்ரைமன் (1843 – 1896)



இயற்கைத் தாவரம் பற்றிய வினாவை வினாத்தாளிற் கண்டதும் உங்களிற் பலர் அட்டவணையையே நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறீர்கள். எந்தக் காட்டில் எந்த மரம், எத்தனை மில்லிமீற்றர் மழை எனப் பாடமாக்கியதில் ஒரு வரி மறந்துபோனால் விடை முழுவதும் தடுமாறுகிறது. அந்த அட்டவணை ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. மலையேறியும் காட்டில் நடந்தும் ஒவ்வொரு செடியும் ஏன் அந்த இடத்தில் வளர்கிறது என்று கேட்டுப் பார்த்தவர்களின் உழைப்பால் அது உருவானது. நமது நாட்டில் அவ்வாறு உழைத்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ட்ரைமன். அவரது வாழ்க்கையை விளங்கிக்கொண்டால் அட்டவணையைப் பாடமாக்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும்.

1. மருத்துவம் கற்ற தாவரவியலாளர்

ட்ரைமன் 1843 ஒக்டோபர் 26ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். இவருடைய தமையனார் ரோலண்ட் ட்ரைமன் தென்னாபிரிக்காவில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். ஹென்றி இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1865இல் பட்டம் பெற்றார். எனினும் அவரது மனம் தாவரங்களையே நாடியது. 1869இல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரவியற் பிரிவிற் பணியாற்றத் தொடங்கினார்.

அதே ஆண்டில் திசெல்ற்றன் டையர் என்பவருடன் இணைந்து, இலண்டனை அடுத்த மிடில்செக்ஸ் மாவட்டத்தின் தாவரங்கள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். தாவரத்தின் பெயரை மட்டும் எழுதி விடாமல், அது எந்த இடத்தில் காணப்படுகிறது என்பதையும் அந்நூல் பதிவு செய்தது. இந்தப் பழக்கத்தைக் கவனத்திற் கொள்ளுங்கள். பிற்காலத்தில் இலங்கையின் தாவர வலயங்களை அவர் தெளிவாகக் காண்பதற்கு இதுவே அடிப்படையாயிற்று.

2. பேராதனைக்கு வருகை

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் ஆரம்பிக்கப்பட்டது. அங்கு 1849 முதல் முப்பது ஆண்டுகள் பொறுப்பாக இருந்த துவைற்ஸ் ஓய்வு பெற்றதும், 1880இல் ட்ரைமன் அதன் பணிப்பாளராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36.

அவர் வந்த காலம் நெருக்கடியான காலம். மலைநாட்டின் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. 1869இல் இனங்காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் தோட்டந் தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. இது பங்கசினால் ஏற்படும் நோய். ஈரப்பதன் மிகுந்த காலநிலையும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டிருந்தமையும் அந்நோய்க்குச் சாதகமாக அமைந்தன. கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை ஏறியது. பயிர் மாறியதே தவிர, வெட்டப்பட்ட காடு திரும்பவில்லை. பெயர் சூட்டப்படுவதற்கு முன்னரே சில தாவரங்கள் அழிந்துவிடக்கூடும் என்ற நிலை இருந்தது. எனவே ட்ரைமனின் முன் இரண்டு பணிகள் இருந்தன. தோட்டக்காரர்களுக்குப் புதிய பயிர்களைக் காட்டுவது ஒன்று. எஞ்சியிருக்கும் காட்டுத் தாவரங்களை முழுமையாகப் பதிவு செய்வது மற்றொன்று.

மாத்தளை மாவட்டத்து மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: கண்டியிலிருந்து உக்குவளை ஊடாக மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் இதே 1880ஆம் ஆண்டிலேயாகும்.

3. ஐந்து பூங்காக்கள், ஐந்து காலநிலைகள்

ட்ரைமனின் பொறுப்பில் பேராதனை மட்டும் இருக்கவில்லை. வெவ்வேறு காலநிலை கொண்ட இடங்களிற் கிளைப் பூங்காக்களும் இருந்தன. ஏன் ஒரே பூங்கா போதவில்லை? கீழே உள்ளவற்றை வாசித்துக் காரணத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்.

அ) ஹக்கல (1861): நுவரெலியாவுக்கு அருகே ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் அமைந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா இங்கு வளர்க்கப்பட்டது. சிங்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சரிவு ஆகும்.

ஆ) ஹெனரத்கொட (1876): கம்பகாவுக்கு அருகே, ஈரவலயத் தாழ்நிலத்தில் அமைந்தது. அமேசன் காட்டுக்குரிய இறப்பர் மரக்கன்றுகள் இங்கு நடப்பட்டன. பாலெடுக்கும் ஆரம்பப் பரிசோதனைகளை ட்ரைமன் இங்கேயே செய்தார்.

இ) அநுராதபுரம் (1883): உலர்வலயப் பயிர்களைப் பரிசோதிப்பதற்காக ட்ரைமனின் காலத்தில் ஆரம்பிக்கப்பட்டது.

ஈ) பதுளை (1886): வடகீழ்ப் பருவக்காற்றால் கூடிய மழையைப் பெறும் ஊவாவின் காலநிலைக்காக ஆரம்பிக்கப்பட்டது.

உ) பேராதனை: ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இடைப்பட்ட வெப்பநிலையும் நல்ல மழையும் கொண்ட தலைமைப் பூங்கா.

காரணம் விளங்குகிறதல்லவா? அந்தீஸ் மலைத் தாவரத்துக்கு மலைக் குளிர் வேண்டும். அமேசன் தாவரத்துக்குத் தாழ்நில வெப்பமும் ஆண்டு முழுவதும் மழையும் வேண்டும். சிங்கோனாவும் இறப்பரும் ஒரே கண்டத்திலிருந்து வந்தபோதிலும் இலங்கையில் அவை ஒரே இடத்தில் நடப்படவில்லை. தாவரம் கண்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. வெப்பநிலையையும் மழையையுமே பார்க்கிறது. தொலைவிலுள்ள இரு நாடுகளிற் காலநிலை ஒத்திருந்தால் தாவரத்தின் தோற்றமும் ஒத்திருக்கும். ஒரே நாட்டிலேயே காலநிலை வேறுபட்டால் தாவரமும் வேறுபடும்.

நினைவிற் கொள்க: இயற்கைத் தாவரமும் அதனோடு இணைந்து வாழும் விலங்குகளும் ஒரே வகையான காலநிலையின் கீழ் பரந்து காணப்படும் பெரும் நிலப்பரப்பு உயிரின வலயம், அதாவது பயோம் எனப்படும்.

4. ஒவ்வொரு தாவரத்துக்கும் ஒரு முகவரி

ட்ரைமன் நாட்டின் பல பாகங்களுக்கும் பயணஞ் செய்தார். சேகரித்த தாவரங்கள் உலர்த்தப்பட்டு, பேராதனையில் பெயருடனும் இடத்துடனும் பாதுகாக்கப்பட்டன. பூங்காவின் ஓவியர்களான த அல்விஸ் குடும்பத்தினர் அவற்றைத் துல்லியமாக வரைந்தனர். தாவரங்களின் சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் ட்ரைமன் கேட்டறிந்து எழுதினார். உலர்வலயத்தில் வாழ்ந்த மக்கள் வழங்கிய பாலை, வீரை, முதிரை, கருங்காலி போன்ற பெயர்கள் தாவரவியல் ஏட்டிலும் இடம்பெற்றன.

தாவரம் ஒவ்வொன்றும் வளரும் இடத்தைத் தொடர்ந்து குறித்து வந்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. இலங்கையின் தாவரங்களை அவர் மூன்று பெரும் பிரிவுகளாகக் கண்டார்.

முதலாவது, தென்மேற்கின் ஈரமான தாழ்நிலம். உயர்ந்த, என்றும் பசுமையான, பல படைகளாக அமைந்த காடுகள் இங்கு உள்ளன. இக்காடுகளின் தாவரங்களுக்கு மலாயாப் பிரதேசத் தாவரங்களுடன் நெருங்கிய உறவு உண்டு என ட்ரைமன் கண்டார். இன்று இதற்குச் சிறந்த உதாரணம் சிங்கராஜ வனம்.

இரண்டாவது, வடக்கு, கிழக்கு, தென்கிழக்கு ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வறண்ட பிரதேசம். கடினமான சிறிய இலைகளும் வன்மையான மரமும் கொண்ட தாவரங்கள் இங்கு வளர்கின்றன. இவை தென்னிந்தியாவின் கிழக்குக் கரையோரத் தாவரங்களை ஒத்தவை. வில்பத்துக் காடு இதற்கு உதாரணம்.

மூன்றாவது, மலைப் பிரதேசம். குளிரும் பலத்த காற்றும் மூடுபனியும் நிலவுவதால் மரங்கள் குட்டையாகவும் கிளைகள் முறுக்குண்டும் காணப்படும். கிளைகளிற் பாசி படர்ந்திருக்கும். ஹோட்டன் சமவெளியை அண்டிய காடுகள் இதற்கு உதாரணம்.

ஈரவலயத்துக்கும் உலர்வலயத்துக்கும் நடுவே இடைவலயம் ஒன்றையும் சேர்த்து இன்று நீங்கள் படிக்கிறீர்கள். ஆண்டு மழைவீழ்ச்சி 2,500 மி.மீற்றருக்கு மேற்பட்டால் ஈரவலயம், 1,750 முதல் 2,500 மி.மீற்றர் வரை இடைவலயம், 1,750 மி.மீற்றருக்குக் குறைந்தால் உலர்வலயம் ஆகும். விவசாயத் திணைக்களம் இவற்றை மேலும் நுணுக்கமாக 46 விவசாயச் சூழலியற் பிரதேசங்களாகப் பிரித்துள்ளது.

5. மழையின் அளவு மட்டும் போதுமா?

இவ்விடத்தில் ஒரு புதிரைச் சிந்தியுங்கள். ட்ரைமன் பிறந்த இலண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீற்றர் மழையே பெய்கிறது. மன்னாரில் ஏறத்தாழ 1,000 மி.மீற்றர் பெய்கிறது. ஆயினும் இலண்டனைச் சூழ்ந்த புல்வெளி பசுமையாக இருக்கிறது. மன்னாரிலோ முட்புதர்களும் குடை விரித்தாற்போன்ற உடை மரங்களும் காணப்படுகின்றன. மழை கூடிய இடத்தில் வறட்சித் தாவரம் எப்படி வந்தது?

காரணங்கள் இரண்டு. ஒன்று, வெப்பநிலை. மன்னாரின் வெப்பத்தில் நீர் விரைவாக ஆவியாகிவிடுகிறது. இலண்டனின் குளிரில் பெய்த நீர் மண்ணில் தங்குகிறது. மற்றொன்று, மழை பெய்யும் காலம். இலண்டன் மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. மன்னாரின் மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய நீண்ட வரட்சியைத் தாங்கக்கூடிய தாவரமே அங்கு நிலைக்கும்.

ஆகவே விடை எழுதும்போது மழைவீழ்ச்சியின் மொத்த அளவை மட்டும் குறிப்பிட்டு நின்றுவிடாதீர்கள். வெப்பநிலை, ஆவியாதல், மழை பரவும் காலம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். உலர்வலயம் என்பது பாலைவனம் அன்று என்பதையும் மறவாதீர்கள். வெப்பப் பாலைவனங்களில் ஆண்டுக்கு 250 மி.மீற்றர் மழைகூடக் கிடைப்பதில்லை.

6. ரிட்டிகல தரும் பாடம்

அநுராதபுர மாவட்டத்தின் சமவெளி நடுவே 766 மீற்றர் உயரமான ரிட்டிகல மலை தனித்து எழுந்து நிற்கிறது. ட்ரைமன் 1880களில் இம்மலையின் தாவரங்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அடிவாரத்தில் உலர்வலயக் காடு. உச்சியிலோ, வெகு தொலைவிலுள்ள ஈரமான மலைப்பகுதிகளுக்குரிய தாவரங்கள் சில வளர்ந்திருந்தன.

இதன் இரகசியம் மலையின் உயரமும் காற்றும் ஆகும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஈரக்காற்று இம்மலையில் மோதி மேலெழுகிறது. மேலெழும் காற்றுக் குளிர்வதால் முகிலும் மூடுபனியும் உண்டாகின்றன. உச்சிக்கு மாத்திரம் மேலதிக ஈரம் கிடைக்கிறது. பொதுவாக 1,000 மீற்றர் உயரும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகையளவில் இருக்க, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 16 பாகையளவில் இருப்பதற்கு இதுவே காரணம். அயனமண்டலத் தீவொன்றில் குளிர்ப்பிரதேசக் காய்கறி விளைவது இதனாலேயே.

7. உக்குவளையில் இருந்து நோக்கினால்

உக்குவளை இடைவலயத்தில், ஈரவலயத்தின் எல்லையை அண்டி அமைந்துள்ளது. ட்ரைமன் தொகுத்த உண்மைகளைச் சரிபார்க்க இதனினும் வசதியான இடம் கிடைப்பது அரிது.

தெற்கே கண்டி, பேராதனைப் பக்கம் செல்லச் செல்ல மழை கூடுகிறது. வடக்கே மாத்தளை, நாலந்தை, நாவுல கடந்து தம்புள்ளையை அடையும்போது உலர்வலயத்துள் நுழைந்துவிடுகிறீர்கள். ஒரே வீதியில் சில மணி நேரப் பயணத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ செழித்த வீட்டுத்தோட்டங்கள் குறைந்து, பாலையும் வீரையும் கருங்காலியும் நிற்கும் காடு தொடங்குவதைக் காணலாம். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதன் மேற்குச் சரிவு மழை பெற, கிழக்குச் சரிவு மழை ஒதுக்கில் அகப்படுகிறது. றிவஸ்ற்றன் பகுதியில் காற்றின் தாக்கத்தாற் குள்ளமாகிய மரங்களையும் பத்தனைப் புல்வெளிகளையும் காணலாம்.

இன்னொரு உண்மையும் உண்டு. 1976 முதல் பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, மின்சாரத்தை உற்பத்தி செய்த பின் சுது கங்கையிற் சேர்கிறது. அங்கிருந்து அம்பன் கங்கை வழியாக உலர்வலய வயல்களுக்குச் செல்கிறது. மழை மிகுந்த பக்கத்தின் நீர் மழை குறைந்த பக்கத்துக்கு உங்கள் ஊர் வழியாகவே கடக்கிறது. இரு வலயங்களின் எல்லை அருகருகே இருப்பதாலேயே இது சாத்தியமாயிற்று.

8. உலகப் படத்திற் பொருத்திப் பார்த்தல்

சிறிய தீவிற் கண்ட விதிகளே உலகெங்கும் செயற்படுகின்றன. ஜேர்மனியரான ஹம்போல்ட் 1802இல் அந்தீஸிலுள்ள சிம்போராசோ மலையில் ஏறியபோது, உயரத்துக்கேற்பத் தாவரம் படிப்படியாக மாறுவதைக் கண்டு படமாக வரைந்தார். மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை செல்லும்போது காணும் மாற்றம், மத்திய கோட்டிலிருந்து துருவம் நோக்கிச் செல்லும்போது காணும் மாற்றத்தை ஒத்தது.

அயன மழைக்காடு: மத்திய கோட்டை அண்டியது. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு. அமேசன், கொங்கோ, தென்கிழக்காசியா.

சவன்னாப் புல்வெளி: ஈரப்பருவம் ஒன்று, நீண்ட வரண்ட பருவம் ஒன்று. கிழக்காபிரிக்கா.

வெப்பப் பாலைவனம்: கீழிறங்கும் வரண்ட காற்றினால் மழை அரிது. சகாரா.

மத்தியதரைத் தாவரம்: மாரியில் மழை, கோடையில் வரட்சி. மத்தியதரைக் கடலோரம்.

இடைவெப்பப் புல்வெளி: கண்டங்களின் உட்பகுதி. கடலின் ஈரம் எட்டாத தூரம். பிரேரி, ஸ்ரெப்பி.

ஊசியிலைக் காடு: நீண்ட, கடுங்குளிரான மாரி. கனடா, சைபீரியா.

தண்டரா: மிக வெப்பமான மாதத்திலும் சராசரி 10 பாகையைத் தாண்டாது. மரங்கள் வளர்வதில்லை.

9. முடிக்கப்படாத நூல்

ட்ரைமன் 1885இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 1888இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். அவரது வாழ்வின் பெரும் பணியான இலங்கைத் தாவரவியற் கைந்நூலின் முதலாம் பாகம் 1893இலும், இரண்டாம் பாகம் 1894இலும், மூன்றாம் பாகம் 1895இலும் வெளிவந்தன.

அக்காலத்தில் அவரது உடல்நிலை தளர்ந்துகொண்டிருந்தது. முதலிற் செவிப்புலன் அவரை விட்டகன்றது. பின்னர் வாதநோய் நடமாட்டத்தைப் பறித்தது. காடு மலையெல்லாம் நடந்து திரிந்தவருக்குக் காட்டின் ஓசையும் இல்லை, அங்கு செல்லும் வழியும் இல்லை. ஆயினும் பேராதனையில் உலர்த்தி வைக்கப்பட்ட தாவரங்களும், இடம் குறித்து எழுதிய ஏடுகளும் அவரிடம் இருந்தன. அவற்றைக் கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். நூல் நிறைவுறுமுன், 1896 ஒக்டோபர் 16ஆம் திகதி, தமது 53ஆவது பிறந்த தினத்துக்குப் பத்து நாட்கள் முன்னதாகக் காலமானார்.

எஞ்சிய இரு பாகங்களை இங்கிலாந்தின் முதுபெரும் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1898இலும் 1900இலும் நிறைவு செய்தார். கடைசிப் பாகம் வெளிவந்தபோது ஹூக்கரின் வயது 80ஐத் தாண்டியிருந்தது. ட்ரைமனின் குறிப்புகள் ஒழுங்காக இருந்தமையாலேயே, தொலைவில் இருந்த இன்னொருவரால் அவற்றைத் தொடர முடிந்தது. 1980 முதல் இக்கைந்நூல் திருத்தி விரிவாக்கப்பட்டுப் பல தொகுதிகளாக மீண்டும் வெளிவந்தது.

இன்று காடொன்று சுருங்கிவிட்டதா, தாவரமொன்று அருகிவிட்டதா என அறிய விரும்புவோர், அது முன்பு எங்கு வளர்ந்தது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ட்ரைமனின் ஏட்டையே புரட்டுகின்றனர். இலங்கையின் பூக்கும் தாவர இனங்களிற் கால்வாசியளவு உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. அவற்றிற் பெரும்பாலானவை, காடு அதிகம் இழந்த ஈரவலயத்திலேயே உள்ளன.

பரீட்சைக்கான சுருக்கம்

இயற்கைத் தாவரத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்: அகலக்கோடு, குத்துயரம், மழைவீழ்ச்சியின் அளவும் பரம்பலும், வெப்பநிலையும் ஆவியாதலும், காற்றும் மலைத்தடையும், கடலிலிருந்து தூரம், மண்.

மாதிரி வினாக்கள்

1. சிங்கோனா ஹக்கலவிலும் இறப்பர் ஹெனரத்கொடவிலும் நடப்பட்டமைக்குக் காரணம் தருக.
விடைக்குறிப்பு: தாயகக் காலநிலையை ஒத்த இடம். முன்னையது மலைக் குளிர், பின்னையது தாழ்நில வெப்பமும் மழையும்.

2. இலண்டனை விடக் கூடிய மழை பெறும் மன்னாரில் முட்புதர்க் காடு காணப்படுவது ஏன்?
விடைக்குறிப்பு: உயர் வெப்பநிலை, கூடிய ஆவியாதல், சில மாதங்களுக்குள் மழை முடிதல், நீண்ட வரட்சி.

3. ரிட்டிகல உச்சியில் ஈரமான மலைப்பகுதித் தாவரங்கள் வளர்வதை விளக்குக.
விடைக்குறிப்பு: காற்று மலையில் மோதி மேலெழல், குளிர்தல், மூடுபனி, மேலதிக ஈரம்.

4. செயற்பாடு: உங்கள் வீட்டைச் சூழ இயற்கையாக வளரும் பத்துத் தாவரங்களின் பெயர், நிழலா வெயிலா, மேட்டிலா நீரருகிலா எனக் குறித்து வாருங்கள். பத்தும் எழுதி முடித்தபின், ஒரே வகையான இடத்தில் எவை எவை சேர்ந்து வளர்கின்றன என்று பாருங்கள். ட்ரைமனும் இவ்வாறே தொடங்கினார்.